டிவி கேம்: எல்லைப் பக்கம் வந்தது ஒரிஜினலா, டூப்பா?

கம்பத்து நண்பர் கேட்டது, 7 ஜூன் 2024
"90-களில் நாம் டிவியில் மாட்டி விளையாடியது நிண்டெண்டோவே இல்லை, டூப். இப்போது பார்த்தால் ஆளாளுக்கு 'எங்க வீட்ல நிண்டெண்டோ இருந்துச்சு' என்று அளக்கிறார்கள். குமுளி, செங்கோட்டை, களியக்காவிளைப் பக்கம் யார் வீட்டிலாவது ஒரிஜினல் இருந்ததா? இருந்தால் ஆதாரத்தோடு சொல்லவும்."

7 ஜூன், இரவு 10.50

எங்கள் வீட்டில் இருந்தது. செங்கோட்டை. 1991 மே மாதம், முழுப்பரீட்சை லீவு. மாமா குவைத்திலிருந்து கொண்டுவந்தார். ஒரிஜினல். அவ்வளவுதான்.

7 ஜூன், இரவு 11.35

"அவ்வளவுதான்" என்று எழுதிவிட்டுப் படுத்தால் தூக்கம் வரவில்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பெண் எடுத்தது புனலூரில், வீடும் அங்கேதான். 1990 ஆகஸ்ட் 2-ஆம் தேதி ஈராக் ராணுவம் குவைத்துக்குள் புகுந்தபோது மாமா அங்கே ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலையில் இருந்தார். பஸ்ஸில் பாலைவனம் தாண்டி அம்மான், அங்கிருந்து ஏர் இந்தியாவில் பம்பாய், பம்பாயிலிருந்து ரயில். அப்படி ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். மாமா வந்தபோது கையில் ஒரு தோள்பைதான். எனக்கு ஒன்பது வயது. பைக்குள் எனக்கு ஒன்றும் இல்லை என்பது மட்டும்தான் அப்போது எனக்குப் பெரிய விஷயம்.

எட்டு மாதம் கழித்து மீட்டர்கேஜ் பாசஞ்சரில் அட்டைப்பெட்டியோடு வந்து இறங்கினார். "கப்பல்ல போட்ட சாமான் இப்பத்தான் கொச்சிக்கு வந்து சேந்துது" என்றார். பெட்டிக்குள் வெள்ளையும் மெரூனுமாக ஒரு மெஷின், இரண்டு கன்ட்ரோலர், ஒரு கறுப்புத் துப்பாக்கி, மஞ்சள் நிறத்தில் "52 இன் 1" கேசட். கேசட் என்றுதான் சொல்வோம். கார்ட்ரிட்ஜ் என்ற வார்த்தையே பின்னாளில் இன்டர்நெட்டில் படித்தது.

8 ஜூன், காலை 7.10

பல்லில் பிரஷ்ஷோடு எழுதுகிறேன். எங்கள் டிவி கறுப்பு வெள்ளை. மேரியோவின் தொப்பி சிவப்பு என்பது எனக்குக் கல்லூரி போன பிறகுதான் தெரியும். ஆனால் கறுப்பு வெள்ளையில் ஒரு லாபம் உண்டு. வானத்து மேகமும் தரையில் இருக்கும் புதரும் ஒரே உருவம் என்பதை நான் பத்து வயதிலேயே கண்டுபிடித்துவிட்டேன். அக்காவிடம் சொன்னேன், நம்பவில்லை. கலர் டிவிக்காரர்களுக்கு ஒன்று வெள்ளை, ஒன்று பச்சை, அதனால் கண்ணில் படாது. மொத்த விளையாட்டும் 40 கேபி. அதற்குள் 32 ஸ்டேஜை அடைக்க வேண்டும் என்றால் மேகத்துக்குப் பச்சை பூசிப் புதர் ஆக்குவதைத் தவிர வேறு வழி என்ன?

8 ஜூன், மதியம் 1.20

பாலக்காட்டுக்காரர் "கேசட்டில் எத்தனை பின்?" என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. 1983 ஜூலையில் ஜப்பானில் வந்த நிண்டெண்டோவின் ஒரிஜினல் மெஷினான ஃபேமிகாமுக்கு 60 பின். 1985-இல் அமெரிக்காவுக்குப் போனபோது பெட்டியை மாற்றி 72 பின் ஆக்கினார்கள். மெஷின் பரணில் இருக்கிறது. நாளை ஞாயிறு, இறக்கிப் பார்க்கிறேன்.

60 இருந்தால் ஜப்பான் மாடல் என்று அர்த்தம். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

9 ஜூன், காலை 11.05

60.

9 ஜூன், மாலை 4.40

அவசரப்பட்டுவிட்டேன். 60 பின் என்பதால் ஒரிஜினல் ஆகிவிடாது, தைவானில் செய்த டூப்புக்கும் 60 பின்தான் என்று மூன்று பேர் சொல்லிவிட்டீர்கள். ஒருவர் சிரிப்பு பொம்மை நான்கு போட்டிருக்கிறார். சரி.

ஸ்க்ரூ கழற்றிப் பார்த்தேன். ஒரிஜினலில் ரிக்கோ கம்பெனி சிப் இரண்டு இருக்க வேண்டும், ஒன்று கணக்குப் போட, ஒன்று படம் வரைய. இதிலும் இரண்டு சிப். இரண்டின் முதுகிலும் யுஎம்சி. தைவான் கம்பெனி. பக்கத்தில் வோல்டேஜைச் சரிசெய்யும் 7805, அலுமினியத் தகடு போட்டது. அந்தத் தகட்டைப் பார்த்ததும் அந்த வாசனையே வந்துவிட்டது. ஒரு மணி நேரம் விளையாடினால் பெட்டியிலிருந்து வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் வாளி மாதிரி ஒரு வாசம் வரும். "மெஷின் காயுது, அமத்துங்கல" என்று தாத்தா திண்ணையிலிருந்து சத்தம் போடுவார். மூக்கு வைத்தே சொல்வார்.

கேசட்டையும் திறந்தேன். உள்ளே சிப்பே இல்லை, தார் ஊற்றியது போல் ஒரு கறுப்புச் சொட்டு.

ஆக டூப். கம்பத்து நண்பருக்கு ஒரு பாயின்ட். ஆனால் குவைத் டூப். அதில் மாற்றமில்லை.

9 ஜூன், இரவு 9.15

டூப் என்று தெரிந்த பிறகு ஒன்று புரிகிறது. நாம் எல்லாருக்கும், கம்பமோ பாலக்காடோ, ஏன் ஒரே விளையாட்டுகள் ஞாபகம் இருக்கின்றன? டாங்கி, ஐஸ் க்ளைம்பர், பலூன் ஃபைட், சர்க்கஸ் சார்லி, ரோட் ஃபைட்டர், எக்ஸைட்பைக். எல்லாம் 40 கேபி, அதற்கும் கீழே. சின்னது என்பதால் ஒரே கேசட்டில் ஐம்பதை அடைத்துவிட்டார்கள். கான்ட்ரா 128 கேபி, அதனால் அது எங்கள் 52-க்குள் கிடையாது. அதைத் தென்காசியில் நாள் வாடகைக்கு எடுக்க வேண்டும். தைவானில் யாரோ எதை அடைக்க முடியும் என்று பார்த்து அடைத்ததுதான் நம்முடைய பால்யகால ரசனை.

பின்னாளில் சித்தி பையன் வீட்டில் "9999999 இன் 1" வந்தது. ஆளுக்கொரு டம்ளர் காப்பியோடு உட்கார்ந்து எண்ணினோம். நிஜத்தில் ஏழோ எட்டோதான். மீதியெல்லாம் அதே மேரியோ மூன்றாம் ஸ்டேஜிலிருந்து, அதே மேரியோ ஐந்தாம் ஸ்டேஜிலிருந்து.

10 ஜூன், இரவு 10.00

கான்ட்ரா பேச்சு வந்ததால், 30 உயிருக்கு: மேல் மேல், கீழ் கீழ், இடது வலது, இடது வலது, பி, ஏ, செலக்ட், ஸ்டார்ட். விரல் இன்னும் மறக்கவில்லை.

10 ஜூன், இரவு 10.30

களியக்காவிளை அண்ணாச்சி திருத்தியிருக்கிறார். செலக்ட் அதில் சேராது, அது இரண்டு பேர் விளையாட மட்டும். உண்மைதான். பக்கத்தில் எப்போதும் அக்கா இருந்ததால் எனக்கு அது மந்திரத்தின் பகுதியாகவே பதிந்துவிட்டது.

அந்த வரிசையைப் போட்டவர் கோனாமி கம்பெனியின் கசுஹிசா ஹஷிமோட்டோ. 1986-இல் கிரேடியஸ் என்ற விளையாட்டை ஃபேமிகாமுக்கு மாற்றும்போது, சோதித்துப் பார்க்க அவராலேயே முழுதாக விளையாட முடியவில்லையாம். செய்தவனுக்கே முடியாததை நாங்கள் ஒரு நாள் வாடகைக்குள் முடிக்கப் பார்த்தோம்.

12 ஜூன், மதியம் 2.05

ஊதுவது பற்றி. கேசட் ஓடாவிட்டால் அடியில் ஊதிவிட்டுத் திரும்பப் போடுவோம், ஓடும். ஊதியதால் ஓடவில்லை, கழற்றி மாட்டியதில் பின் சரியாகப் பதிந்ததால் ஓடியது. மூச்சின் ஈரம் செம்பைக் களிம்பேற வைக்கும் என்பதுதான் மிச்சம். சாரல் காலத்தில் செங்கோட்டையில் சுவரே வியர்க்கும், கேசட் எம்மாத்திரம்! எங்கள் வீட்டில் ஊதினால் தாத்தாவுக்குக் கோபம் வரும், "எச்சி போவும்ல" என்பார். என் பென்சில் டப்பாவிலிருந்து ரப்பரை எடுத்துப் பின்களைத் தேய்த்துக் கொடுப்பார். அவருக்கு மேரியோ யார் என்றே தெரியாது. ரேடியோ வால்வு தேய்த்த கை.

13 ஜூன், இரவு 11.50

ஒரு அநியாயம் இன்றைக்குத்தான் வெளிவந்திருக்கிறது.

வாத்து சுடும் விளையாட்டு, டக் ஹன்ட். துப்பாக்கி மெஷினில் வயர் சொருகும் இரண்டாவது பாயின்டில் இருக்கும். முதல் பாயின்டில் இருக்கும் கன்ட்ரோலரைச் சும்மா மடியில் வைத்துக்கொண்டு அக்கா பக்கத்தில் உட்காருவாள். நான் சுடும்போது மட்டும் வாத்து பைத்தியம் பிடித்த மாதிரி சடார் சடார் என்று திரும்பும். அக்கா சுடும்போது நேராகப் பறக்கும், ஏனென்றால் நான் கன்ட்ரோலரைத் தொடவே மாட்டேன். "ஒனக்குக் குறி இல்லல" என்பாள். நானும் 33 வருஷமாக எனக்குக் குறி இல்லை என்றே நம்பிவந்தேன்.

ஒரு வாத்து மட்டும் வரும் ஆட்டத்தில், அந்தக் கன்ட்ரோலரால் வாத்தைத் திருப்பலாமாம்! பாலக்காட்டுக்காரர் போகிற போக்கில் எழுதியிருக்கிறார், எல்லாருக்கும் தெரிந்த விஷயம் போல. அக்காவுக்கு ராத்திரி பத்தரைக்கு போன் போட்டேன். ஐந்து நிமிடம் சிரித்தாள். பிறகு "ஆமா, நான்தாம்ல வாத்து" என்றாள்.

14 ஜூன், காலை 8.30

துப்பாக்கி எப்படி வேலை செய்கிறது என்று கேட்டவருக்கு. அது ஒன்றையும் சுடவில்லை, பார்க்கிறது. குழலுக்குள் வெளிச்சத்தை உணரும் ஒரு கண். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்க இருட்டாகும், அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைச் சதுரம் வரும். இருட்டுக்குப் பின் வெளிச்சம் தெரிந்தால் வாத்து செத்தது. கூர்ந்து பார்த்தால் அந்த மினுக்கு தெரியும்.

நான் அக்காவைத் தோற்கடிக்க, துப்பாக்கியைக் குண்டு பல்பை நோக்கிப் பிடித்து அழுத்திப் பார்த்திருக்கிறேன். நடக்கவில்லை. முதலில் இருட்டையும் அது பார்க்க வேண்டும், பல்பு இருட்டாகாதே. அந்த ஜப்பான்காரன் என்னைப் போல ஒரு பயலை எதிர்பார்த்துத்தான் செய்திருக்கிறான். இன்றைய தட்டை டிவியில் இது ஓடாது, படம் கொஞ்சம் பிந்தி வரும், துப்பாக்கி அதற்குள் பார்த்து முடித்துவிடும்.

15 ஜூன், மாலை 6.00

இழை எங்கெங்கோ போகிறது, நானும் கொஞ்சம் போகிறேன். வீட்டு டிவியில் மாட்டும் முதல் கேம் மெஷின் 1972-இல் வந்த மேக்னவாக்ஸ் ஒடிஸி. செய்தவர் ரால்ஃப் பேர். ஜெர்மனியில் பிறந்த யூதர், சிறுவயதிலேயே குடும்பத்தோடு தப்பி அமெரிக்கா போனவர். அந்த மெஷினில் கலரும் கிடையாது, சத்தமும் கிடையாது. திரையில் சில வெள்ளைப் புள்ளிகள், ஒரு கோடு. டென்னிஸ் மைதானம் வேண்டுமென்றால், மைதானம் அச்சடித்த பிளாஸ்டிக் தாளை டிவி மேல் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

படித்ததும் எனக்குச் சிரிப்பு. எங்கள் தெருவில் கறுப்பு வெள்ளை டிவிக்கு முன்னால் மேலே நீலம், நடுவில் சிவப்பு மாதிரி ஒன்று, கீழே பச்சை என்று ஒரு கலர் தாள் மாட்டுவார்கள். செய்தி வாசிப்பவருக்கு நீல முடி, பச்சைச் சட்டை. எங்கள் வீட்டிலும் அது இருந்தது. அதை மாட்டிக்கொண்டு துப்பாக்கி சுட்டால் மேல் பக்கத்து வாத்துகள் சரியாகச் சாகாது என்று ஒரு சந்தேகம் அன்றைக்கே உண்டு. எனக்குக் குறி இல்லாததற்கு அதையும் ஒரு காரணமாக வைத்திருந்தேன். அது அக்கா.

16 ஜூன், காலை 10.20

கம்பத்து நண்பர் விடுவதாக இல்லை. "குவைத் டூப் என்பதற்கு ஆதாரம்?" என்கிறார். அட்டைப்பெட்டி இருக்கிறது. அரபி எழுத்து ஏதாவது இருக்கும், படம் போடுகிறேன்.

16 ஜூன், காலை 11.45

பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் பிரவுன் தாள் ஒட்டியிருக்கிறது. தாத்தா ஒட்டியது. எங்கள் நோட்டுக்கு அட்டை போடுகிற அதே தாள். மைதா பசை காய்ச்சி, முற்றத்தில் உட்கார்ந்து ஒட்டினார். பெட்டி கிழிந்துவிடாமல் இருக்கத்தான் என்று நினைத்திருந்தேன். பசை காய்ந்து தாள் தானாகவே உரிந்துவந்தது. கீழே ஒரு ஸ்டிக்கர், பேனாவால் எழுதியது. மலையாளம். எனக்குப் படிக்கத் தெரியாது. படம் கீழே. எண் மட்டும் தெரிகிறது: 3-5-91. விலை இருந்த இடத்தை யாரோ பிளேடால் சுரண்டியிருக்கிறார்கள்.

பாலக்காட்டுக்காரரே, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

16 ஜூன், மதியம் 12.30

பார்த்தேன். நன்றி.

மற்றவர்களுக்கு: "ஆறு மாசம் கேரண்டி. அடாப்டருக்கு இல்லை." கீழே கடை பேர், அதற்கும் கீழே புனலூர்.

16 ஜூன், இரவு 9.40

அம்மாவிடம் கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், நிமிரவில்லை. "ஒனக்கு இப்பந்தான் தெரியுமாக்கும்?" என்றாள்.

கப்பல் ஏதும் வரவில்லை. மாமா குவைத்தில் விட்டுவந்த சாமான் எதுவும் திரும்பவில்லை. அந்த எட்டு மாதமும் புனலூரில் மாமனார் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அத்தையின் வளையல் ஒரு ஜோடி அடகில் இருந்தது என்பதையும் அம்மா சேர்த்துச் சொன்னாள். "வளைகுடாக்குப் போனவன் வெறுங்கையோட அக்கா வீட்டுக்கு வரக்கூடாதுன்னு ஒரு இது அவனுக்கு" என்றாள். எது என்று நான் கேட்கவில்லை.

16 ஜூன், இரவு 11.55

இன்னொன்று இப்போதுதான் உறைக்கிறது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம்தான். தாத்தா அந்தக் காலத்தில் படித்தவர். கோட்டயத்துப் பேப்பரை பஸ்காரரிடம் சொல்லி வாங்கி, திண்ணையில் சத்தமாக வாசிப்பார்.

அவருக்கு மலையாளம் நன்றாகத் தெரியும்.

17 ஜூன், காலை 7.00

கம்பத்து நண்பரே, மன்னிப்பெல்லாம் வேண்டாம். நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. டூப் மெஷின், டூப் குவைத். இரண்டு பாயின்டும் உங்களுக்கே.

18 ஜூன், இரவு 8.50

மாமாவுக்குப் போன் செய்தேன். இப்போது 68 வயது, காது கொஞ்சம் மந்தம். சுற்றி வளைக்கத் தெரியாமல் நேரே கேட்டுவிட்டேன்.

"மாமா, அந்த டிவி கேம் புனலூர்லயா வாங்குனீங்க?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதென்று நினைத்தேன்.

"துப்பாக்கி இருக்கா?" என்றார்.

"இருக்கு மாமா."

"சுடுமா?"

"இப்ப உள்ள டிவியில சுடாது மாமா. பழைய டிவி வேணும்."

"இங்க மச்சுல கெடக்கு ஒண்ணு. ஞாயித்துக்கிழமை வா."

20 ஜூன், மாலை 5.30

அடாப்டர் செத்துவிட்டது. அதற்குத்தான் கேரண்டி இல்லையே. ரேடியோ கடையில் 9 வோல்ட் ஒன்று வாங்கி, முனையில் பிளஸ் மைனஸ் சரிபார்த்துத்தான் மாட்டினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. பழைய மெஷின் எடுப்பவர்கள் இதைச் செய்யாமல் சுவிட்சைப் போட்டுவிடாதீர்கள், 7805 போய்விடும். எங்களுடையது 1993-இல் ஒருமுறை அப்படித்தான் போனது. அன்றைக்கு அதை மாற்றிக் கொடுத்தவர் எட்டு ரூபாய் வாங்கினார்.

23 ஜூன், இரவு 10.15

பஸ்ஸில் போனேன், ஆரியங்காவு, தென்மலை வழி. புளியரை செக்போஸ்டில் ஏறிப் பார்த்தவர் பையிலிருந்த துப்பாக்கியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வாத்து சுடுறது சார்" என்றேன். "ஓ, அதா" என்று திருப்பிக் கொடுத்தார். என் வயதுதான் இருக்கும்.

21 இன்ச் கலர் டிவி. மாமா காலையிலேயே துடைத்து வைத்திருந்தார். ஆன்டெனா வயரில் மாட்டி, சேனலைத் தேட இருபது நிமிடம். புள்ளி மழைக்குள்ளிருந்து மெல்ல 52 விளையாட்டின் பட்டியல் வந்தது. அத்தை தேங்காய் துருவியபடி வாசலில் நின்று பார்த்தாள்.

துப்பாக்கி மாமா கையில். முதல் வாத்து தப்பியது. புல்லுக்குள்ளிருந்து நாய் எழுந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

"கடையில போட்டுக் காட்டும்போதே இந்தப் பட்டி சிரிச்சது" என்றார் மாமா, டிவியைப் பார்த்தபடி. அத்தை துருவுவதை நிறுத்தினாள். பிறகு துருவினாள்.

இரண்டாவது வாத்தும் தப்பியது. மாமாவுக்குக் கை லேசாக நடுங்குகிறது.

நான் முதல் கன்ட்ரோலரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். வாத்தை அவர் குழல் இருந்த பக்கமாகத் திருப்பினேன்.

பத்தில் எட்டு. நான் ஒன்றும் சொல்லவில்லை.